மூணு மில்லிமீட்டர்

விடிஞ்சும் விடியாத நேரம். சாரம் பூரா உறைபனி. சுகெங் பழைய துணியால பலகையத் தொடச்சுக்கிட்டே முன்னால நகந்தான். துணியே வெறச்சு அட்டை மாதிரி ஆயிருச்சு. கிஃபு மலையிலேர்ந்து எறங்குற காத்து கையுறைக்குள்ள பூந்து நகத்தப் புடுங்குது.

"டேய் சுகெங், தொடைக்கச் சொன்னா பாலிஷ் போடுற. புள்ளைங்க சறுக்கி விளையாடவா?" கீழேருந்து நிஷிவாகி அக்கா கத்தினா. அந்தக் கம்பெனியில அவ ஒருத்திதான் பொம்பளைத் தச்சர்.

அவனும் சிரிச்சான்.

கட்டுறது நர்சரிப் பள்ளிக்கூடம். மூணு மாடி, மொத்தமும் ஹினோகி மரம். கம்ப்யூட்டர் மிஷின் வெட்டின பழைய காலத்து மூட்டு: உத்தரத்தோட நாக்கு தூணுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும். குறுக்கால ஒரு மர ஆணி. நாக்குல இருக்குற துளைய, தூணுத் துளைக்கு நேரா இல்லாம, மூணு மில்லிமீட்டர் தள்ளித்தான் போடுவாங்க. மர ஆணி லேசா வளைஞ்சு பூந்து, மூட்ட இறுக்கி இழுத்துக்கும்.

துளை போட்டு முடிச்ச பின்னாடி மொதலாளி குரமொச்சி வரைபடத்த மாத்திட்டாரு. மர ஆணி வேணாம், இரும்பு ஆணி, நிலநடுக்கத்துக்கு அதான் பலம்னு. துளை மட்டும் பழைய துளை. இரும்பு வளையுமா? மரந்தான் பொளக்கும்.

சுகெங் கொட்டாப்புளிய ஓங்கினான். ஒண்ணு. ரெண்டு. மூணாவது அடியில 'டிக்'னு ஒரு சத்தம்.

அவனுக்குக் கை நின்னு போச்சு. இதே சத்தத்தப் போன வாரமும் கேட்டான், கெழக்கு மூலையில. மறுநாள் அந்த உத்தரத்துலதான் கூட வேல பாக்குற ஹிகுச்சி சான் பாதுகாப்பு பெல்ட்ட மாட்டிக்கிட்டு நின்னாரு. உத்தரம் தூண விட்டுக் கழண்டுச்சு, ஆளும் சேந்து கீழ விழுந்தாரு. இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில கெடக்காரு. 'பெல்ட் மாட்டல, அவர் கவனக்குறைவு'ன்னு கம்பெனி அறிக்கையில எழுதிட்டாங்க.

அந்த ஆணிய அடிச்சது சுகெங்.

இன்னிக்கு எட்டு மணிக்கு உச்சி உத்தரம் ஏத்தணும். நானூறு கிலோ. நல்ல நாள் பாத்து வச்சிருக்காங்க, பத்து மணிக்கு ஊர்க்காரங்க வருவாங்க, மேலேருந்து அரிசிக் கொழுக்கட்டை வீசணும், அது இங்க சடங்கு. உச்சியில உக்காந்து ஆணி அடிக்கிற ஆளு சுகெங்னு மொதலாளியே சொல்லியாச்சு. மாட்டேன்னா? அடுத்த மாசம் விசாப் பேப்பர்ல அவர் முத்திரை விழணும். விழலைன்னா சொந்த ஊரு ஜெப்பாராவுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவன் குனிஞ்சு நாக்கோட முனையப் பாத்தான். முடி மாதிரி ஒரு கோடு. கீழே கெடந்த மரச் சீவல எடுத்து அதுல சொருகினான். உள்ள போச்சு. இன்னும் போச்சு. விரல் நீளத்துக்குப் போச்சு.

"அக்கா, கொஞ்சம் மேல வாயேன்."

"என்னடா, எலியா?"

வந்து பாத்தா. சீவல உருவி மறுபடி சொருகிப் பாத்தா. அதுக்கப்புறம் அவ வாயில கிண்டல் வரல. போய் ஒகுயாமா மேஸ்திரியக் கூட்டிட்டு வந்தா. மேஸ்திரி கோட்ட விரலால தடவினாரு, ரொம்ப நேரம்.

"துளைய மாத்தாம இரும்பு போடக் கூடாதுன்னு சொன்னேன்," மெதுவாச் சொன்னாரு. "ஒரு தடவ சொன்னேன். அப்பறம் வாய மூடிக்கிட்டேன்."

எட்டு மணி. எல்லாரும் கீழ எறங்கி வந்து நிக்கிறாங்க. கிரேன் உச்சி உத்தரத்த ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கு. மொதலாளி வெள்ளை ஹெல்மெட்டோட வந்தாரு.

"என்ன எல்லாரும் பொம்மையாட்டம் நிக்கிறீங்க? சுகெங், ஏறு!"

"மூட்டு வெடிச்சிருக்கு மொதலாளி," மேஸ்திரி சொன்னாரு.

"எவன் சொன்னது?"

சுகெங் கொட்டாப்புளியக் கீழ வச்சான். பேசாம நின்னா தப்பிச்சுக்கலாம். ஆனா ஏறணும். ஏறினா...

"நாந்தான் சொன்னேன்." சுகெங் முன்னால வந்தான். "ஹிகுச்சி சான் பெல்ட் மாட்டியிருந்தாரு. நான் பாத்தேன். அந்த உத்தரத்துல ஆணிய அடிச்சது நாந்தான். அன்னிக்கும் சத்தம் வந்துச்சு. நான் சொல்லல."

மொதலாளி மொகத்துல ஒரு வெளிச்சம். "ஓ! அப்ப நீதான் ஒடச்சவன். எங்க மொழியில பத்து வார்த்த உருப்படியாத் தெரியாது, எனக்குக் கட்டடம் சொல்லித் தர்றியா? நாளைக்கே உன்ன விமானத்துல ஏத்துறேன். போலீசுக்கும் சொல்றேன், அடிச்சது இவன்தான்னு!"

சுகெங் மேஸ்திரியத் திரும்பிப் பாத்தான். வாயத் தொறந்தது தப்போ?

நிஷிவாகி அக்கா செவப்புச் சாக்குக் கட்டிய எடுத்துக்கிட்டு நடந்தா. ஒவ்வொரு தூணுக்கும் பேரு உண்டு, எழுத்தும் எண்ணுமா மையில எழுதியிருக்கும். "இ-மூணு, நான் அடிச்சது." ஒரு கோடு கிழிச்சா. "ரோ-அஞ்சு, அதுவும் நான். போலீசுக்கு என் பேரையும் எழுதுங்க."

கட்டிய இன்னொருத்தர் வாங்கினாரு. "ஹா-ரெண்டு, என்னோடது." அடுத்தவரு. அதுக்கடுத்தவரு, இன்னும் ஒருத்தரு. கடைசியில மேஸ்திரி. "அடிக்கச் சொன்னது நானு. என் பேர மொத எழுதுங்க. விமானச் சீட்டு எடுக்குறதா இருந்தா ஏழா எடுங்க."

"என்னய்யா, எல்லாருமாச் சேந்து மெரட்டுறீங்களா? எனக்கு ஆளா இல்ல? பத்து மணிக்குள்ள வேற ஆள எறக்குறேன் பாரு!" மொதலாளி ஃபோன எடுத்தாரு.

மேஸ்திரி கிரேன்காரரப் பாத்து உள்ளங்கையக் கீழ காட்டினாரு. அந்த மனுஷன் மொதலாளியப் பாத்தாரு, தூண்ல விழுந்த செவப்புக் கோடுகளப் பாத்தாரு. சங்கிலி நிதானமா எறங்குச்சு. உத்தரம் மண்ணத் தொட்டுச்சு.

பத்து மணின்னு சொல்லியிருந்தும், அப்பவே கேட்டுக்கு வெளிய மொத வேன் வந்து நின்னுச்சு. அம்மாக்காரங்க, கையில புள்ளைங்க.

"மூட்டு வெடிச்சிருக்குன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லணும்," அக்கா சொன்னா. "நீ வா."

"நானா? என் பேச்சு அவங்களுக்குப் புரியாது அக்கா."

"புரியலைன்னா நான் திருப்பிச் சொல்றேன். சத்தத்தக் கேட்டது நீ."

மொதலாளி ஃபோன்ல கத்திக்கிட்டே இருந்தாரு. நாளைக்கு என்ன ஆகும்னு சுகெங்குக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டப் பாத்து நடந்தான். பின்னால ஆறு சோடி பூட்ஸ் உறைபனிய நொறுக்கிக்கிட்டு வர்ற சத்தம் கேட்டுச்சு.