வலது காது

ஐஸ் பெட்டியின் பிளக் சுவரில் நிற்கவில்லை. கையை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும். ஞானதாஸ் அதை அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தார். கண்ணாடிக்குள் மனைவி மார்கரெட் படுத்திருந்தாள். டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வேலை செய்த கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி நிதின் மலர்வளையத்தோடு வந்தான். எழுந்து நழுவவும் வழியில்லை.

"சார், இந்த நேரத்துல பேசக்கூடாதுதான்," என்று பக்கத்தில் குனிந்தான். "மேடம் போயிட்டாங்க. இனிமே அந்தக் கேஸ சமாதானமா முடிக்கிறது உங்க கையிலதான். திங்கக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டுல, சமாதானமாப் போறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஜட்ஜ் அனுமதிச்சா முடிஞ்சுது. உங்க பொண்ணு சிநேகாவுக்கு நம்ம ஆபீஸ்லயே பர்மனென்ட் வேலை."

ஞானதாஸ் தலையை ஆட்டிவைத்தார். சம்மதமென்று ஆட்டினாரா, ஆளைக் கிளப்பிவிட ஆட்டினாரா, அவருக்கே தெரியாது. நிதின் போய்ப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. கார் சீட் தைக்கும் லைனில், டாய்லெட் போய்வரத் தாமதமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் மார்கரெட்டை அறைந்தான். இடது காதின் ஜவ்வு கிழிந்து, அந்தப் பக்கம் கேட்பதே நின்றுபோனது. கை தவறிப் பட்டது என்று கம்பெனியின் விசாரணைக் கமிட்டி கதையை முடித்தது. விட்டுத் தொலை என்று தெருவே சொன்னது. மார்கரெட் ஆஸ்பத்திரிச் சீட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மனு வாங்கியதற்கு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். எஃப்.ஐ.ஆர். போடும்வரை திரும்பத் திரும்பப் போய் நின்றாள். லேபர் ஆபீஸுக்குப் போனாள். இலவச சட்ட உதவியில் விஷாகா என்ற வக்கீலைப் பிடித்தாள். ஒரு அறைக்கு இத்தனை கதவுகளா என்று ஞானதாஸுக்கு மலைப்பாக இருந்தது. தண்ணீர் லாரிக்காரனிடம் சண்டை போடக்கூடக் கூச்சப்படுகிறவள் அத்தனையையும் தட்டுகிறாளே என்பது அதைவிடப் பெரிய மலைப்பு.

ஒரே குறை, அத்தனை பேர் இருந்த லைனில் யாருமே பார்க்கவில்லையாம். எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள். வாயைத் திறந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்து மெஷின் அமிர்தவல்லிகூட, தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன் என்றுதான் போலீஸில் சொல்லியிருந்தாள்.

மகள் சிநேகா டேப்போடு வந்து பிளக்கைச் சுவரோடு ஒட்டினாள்.

"இன்னாப்பா சொல்லிட்டுப் போறாரு அந்த ஆளு?"

"கேஸ முடிச்சிக்கலாமாம். உனக்கு வேல தர்றாங்களாம்."

"அம்மா போனா கேஸும் போச்சுன்னு நெனச்சிகினு கீறியா? வக்கீலம்மா போன்ல சொன்னாங்க. அது சர்க்காரு நடத்துற கேஸாம். நாம முடிச்சிக்கலன்னா அது பாட்டுக்கு நடக்கும்."

"பாத்தவங்க யாருமே இல்லாம இன்னாத்த நடக்கும்?"



மதியம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்வரிசையில் நிதினைப் பார்த்ததும் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையை யூனிஃபார்ம் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். மார்கரெட்டைச் சவப்பெட்டிக்கு மாற்றிப் பந்தலில் வைத்தாயிற்று. பாஸ்டர் ஜெபம் முடித்து, வழக்கம்போல மைக்கை நீட்டினார்.

"சகோதரியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்."

பாடகர் குழுவில் கூடப் பாடுகிறவள் மார்கரெட்டின் குரலைப் புகழ்ந்தாள். எதிர்வீட்டுக்காரர் அவளுடைய நல்ல குணத்தைச் சொன்னார். மூன்றாவதாக அமிர்தவல்லி வந்து இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். கோயில் தெரு இந்துப் பெண். இப்படி ஒரு வழக்கத்தை இதற்குமுன் அவள் பார்த்ததில்லை. செத்தவர் முன்னால் கூப்பிட்டுக் கேட்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"இங்க இன்னா சொல்லணும்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கி நான் பாத்தேன். சூப்பர்வைசரு அடிச்சாரு. கை தவறியெல்லாம் இல்ல. அக்கா கீழ வுழுந்தாங்க. எழுந்து வந்து, அறுந்த நூல கோத்துட்டு, அப்பறந்தான் காதத் தொட்டுப் பாத்தாங்க."

விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோனது.

"போலீஸ்ல பாக்கலன்னு சொல்ட்டேன். அதுக்கப்பறமும் எனக்கும் சேத்துதான் சோறு கட்டியாந்தாங்க. ஒரு வார்த்த கேக்கல. கோர்ட்டுல கேட்டா இதத்தான் சொல்லுவேன்."

மைக்கை வாங்க நீண்ட பாஸ்டரின் கை பாதியில் நின்றது. ஓரத்திலிருந்து ஒருத்தி, "நானும் பாத்தேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சட்டைப்பைக்குள் போன அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.  இத்தனை நாள் நடையாய் நடந்தும் ஒரு வாயைத் திறக்க வைக்க முடியாதவள், படுத்த இடத்திலிருந்தே ஒரு லைனைப் பேச வைத்துவிட்டாளே என்று ஞானதாஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடுவதற்கு முன் முகம் பார்க்கச் சொன்னார்கள். நிதின் அவசரமாக எழுந்து வந்து, பெட்டியின் இடது பக்கம் நின்ற அவரை உரசினான்.

"சார், திங்கக்கிழமை..."

ஞானதாஸ் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வலது காதருகே குனிந்தார்.

"திங்கக்கிழம கோர்ட்டுக்கு நான் போறேன் மார்கரெட்டு. அமிர்தவல்லியும் வருது."

இரண்டு வருடப் பழக்கம். சத்தமாகத்தான் சொன்னார்.