கடைசிச் சுற்றில் காலெப்

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் கடைசிச் சுற்று. பெயர் பெற்றவர்களை மற்ற அமெரிக்கக் கால்பந்து அணிகள் எடுத்துவிட்டன. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக்கைக் காக்க ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டும். மிஞ்சியவர்களில் காலெப் ஆர்ன்ட்சன்தான் பொருத்தம் என்றார் தேர்வுத் தலைவி மார்சி.

முதலாளி குரூஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவனுக்குக் காது கேக்காதும்மா! குவார்ட்டர்பேக் கத்திச் சொல்ற சிக்னல் எப்படிப் புரியும்? ஊரே சிரிக்கும்."

"வெளியூர்ல அந்த ஊர் ரசிகர்கள் போடுற கூச்சல்ல நம்ம பசங்களுக்கு மட்டும் கேக்குதா சார்? பந்து அசையறதுக்கு முந்தியே ஓடி அபராதம்தான் வாங்குறாங்க. இவன் பந்தைப் பாத்துக் கிளம்புறவன்."

"எடுத்து, அவன் சொதப்பினா உன் வேலை போயிடும்."

"போகட்டும். இப்ப முடிவு என்னோடது."

மார்சி போனில் டிராஃப்ட் நடத்துபவர்களிடம் காலெப்பின் பெயரைச் சொன்னார். பயிற்சியாளனான நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. நான் போனில் வாழ்த்துச் செய்தி அனுப்பியதற்குக் காலெப்பிடமிருந்து பதில் வந்தது: "ஏன் இவ்ளோ லேட்டு?"

முதல் வெளியூர் ஆட்டத்தில் அரங்கமே அதிரக் கத்தினார்கள். எங்கள் ஆட்கள் இருவர் தடுமாறினார்கள். காலெப்போ பந்து அசைந்ததும் பாய்ந்து, எதிரே வந்தவனை மல்லாக்கத் தள்ளினான். குவார்ட்டர்பேக் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

குரூஸ் எழுந்து கைதட்டினார். மார்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை.