மூன்றாவது முறை அறுந்தால்

இணையம் இன்னொரு முறை அறுந்தால் எல்லாம் போயிற்று. ஆன்லைன் விளையாட்டுப் போட்டியின் விதி அப்படி: ஒரே ஆளுக்கு மூன்று முறை தொடர்பு போனால் ஐந்து பேர் அணியே வெளியே. பில்யானாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டது. ருசே நகரத்து அடுக்குமாடியின் எட்டாவது மாடியில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, பயத்தில் அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அவள் ஒன்றும் சும்மா இருந்தவள் இல்லை. மோடத்தை மாற்றினாள், கேபிளை மாற்றினாள், ஃப்ரிட்ஜைக்கூட அணைத்துப் பார்த்து ஒரு சட்டித் தயிரைக் கெடுத்தாள். கம்பெனிக்காரனுக்கோ "அணைச்சுட்டுப் போடுங்க" என்பதைத் தவிர வேறு மந்திரம் தெரியாது.

அண்ணன் ஒக்னியான்தான் கண்டுபிடித்தான். இந்த வருடம் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் அவன். மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் அறைச் சாவியும் அவனிடம்தான்.

"ரெண்டு தடவையும் லிஃப்ட் மேல வந்தப்பதான் போச்சு. நம்ம கேபிள் லிஃப்ட் குழிக்குள்ளதானே இறங்குது? உரசுது. நான் போய் மெயினை அணைச்சுடறேன்."

"உள்ள யாராச்சும் இருந்தா?"

"ஞாயித்துக்கெழம இந்நேரம் எல்லாம் சாப்ட்டுட்டுத் தூங்குவாங்க. நீ விளையாடு."

அணைத்துவிட்டு வந்து அவள் பின்னால் நின்றான். பதினைந்து நிமிடம் லைன் அசையவில்லை. அணி முன்னேறியது. அப்போது சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினாள். கூடவே இருமல். அந்த இருமல் அவளுக்குத் தெரியும்: ஆறாவது மாடி பென்கா அத்தை, ஆஸ்துமாக்காரி.

"அண்ணா, பென்கா அத்தை உள்ள மாட்டிக்கிட்டாங்க!"

"இன்னும் அஞ்சே நிமிஷம்டி. இப்பப் போட்டா லைன் போயிடும். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது."

அவளும் அப்படித்தான் நினைத்தாள்; மறைப்பானேன்? ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஆனால் ஒரு காதை வெளியே விட்டிருந்தாள். மூன்று நிமிடம் கழித்துத் தட்டல் நின்றது. இருமலும் நின்றது.

நாற்காலி கவிழ எழுந்தாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது. "அத்தை, அத்தை" என்று அழுதுகொண்டே மெயினைப் போட்டாள். கீழே ஒக்னியான் பொத்தானை அழுத்த, லிஃப்ட் முனகிக்கொண்டு எட்டாவது மாடிக்கு ஏறி வந்தது.

பென்கா அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு இருந்தது. பில்யானா அவரைத் தாங்கி ஜன்னலோரம் சாய்த்தாள். ஆம்புலன்சைக் கூப்பிடப் போனைத் தேடி உள்ளே போன ஒக்னியான், பேசி முடித்துவிட்டு வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"லிஃப்ட் வந்துச்சுல்ல? லைன் போகல. உன் ஆளுங்க இன்னும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. முன்னாடி போனதும் லிஃப்ட்டால இல்லடி."

அத்தை மெல்லக் கண் திறந்து பில்யானாவின் கையைப் பிடித்தார்.

"எவ்வளவு தட்டினேன்... உனக்குக் கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு அத்தை" என்றாள்.