ஏசுவடியானின் ஆவிக்குரிய வளர்ச்சி

ஏசுவடியானுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போன செய்தி வந்தபோது, சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரின் ஜெபக்கூட்டத்தில் ஒரு புதுத் தெம்பு பிறந்தது. விரல் போனதற்காக யாரும் சந்தோஷப்படவில்லை. அப்படிச் சொன்னால் பாவம் பிடிக்கும். ஆனால் பாஸ்டர் கிருபாகரன் 'பாடுகளின் வழியே ஆவிக்குரிய வளர்ச்சி' என்று பன்னிரண்டு வாரத் தொடர் பிரசங்கம் ஆரம்பித்து, ஐந்தாவது வாரத்திலேயே உதாரணங்கள் தீர்ந்துபோய்த் தவித்துக்கொண்டிருந்தார். ஹார்டுவேர் கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே கூடும் நாற்பது பேருக்கும் அதிகபட்சப் பாடு, ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வேலைக்குப் போவதுதான். இப்போதுதான் சபைக்கு உருப்படியான ஒரு கஷ்டம் வாய்த்திருந்தது.

ஏசுவடியான் சாயர்புரம் பக்கத்துப் பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, 2012இல் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். ஆண்டவர் தனக்குச் செய்ததையெல்லாம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வதில் கெட்டிக்காரன். பஸ் கிடைத்தால் சாட்சி, பருப்பில் உப்பு சரியாக இருந்தால் சாட்சி. யாருக்காவது துன்பம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பான். அம்மாவைப் பறிகொடுத்த ஒருவனிடம், "கர்த்தர் உங்களைப் பொன்னாக்குதாரு பிரதர்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டிலேயே இரண்டு தோசையும் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

அவன் ஓட்டியது பவர் பிரஸ். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு கீழே இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது உள்ளே மாட்டாது என்பது அதைச் செய்தவனின் கணக்கு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு பீஸ்தான் வரும். ஒரு பொத்தானில் மரத்துண்டை ஆப்பாக அடித்து வைத்துவிட்டால், ஒரு கை அமுக்கும், ஒரு கை தகடு போடும், ஆயிரத்து எண்ணூறு வரும். லைன் முழுக்க அப்படித்தான் ஓடியது. சூப்பர்வைசர் ரகுபதி அந்த ஆப்பைப் பார்க்காத மாதிரி நடப்பதில் தேர்ந்தவர். ஏசுவடியான் மட்டும் அதைச் சும்மா விடவில்லை. 'ஆயிரத்து எண்ணூறு பீஸ் போட ஆண்டவர் கிருபை செய்தார்' என்று சபையில் சாட்சி சொல்லியிருந்தான். ஆப்பைப் பற்றிச் சொல்லவில்லை. சாட்சியில் அந்த அளவு விவரம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அச்சு கைமேல் இறங்கிய அன்று, ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும் முதலில் வந்தவர் ரகுபதி.

"இன்னாப்பா, பாத்து ஓட்டக்கூடாது? எனுக்கு மெமோ குடுத்துட்டானுங்க" என்று தன் துக்கத்தைச் சொன்னார். பிறகு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

சபையார் கூட்டமாக வந்தார்கள். ஒருவர் இது சோதனை என்றார். ஒருவர் இது தண்டித்துத் திருத்தும் சிட்சை என்றார். சோதனையா சிட்சையா என்று கட்டில் பக்கத்திலேயே கால்மணி நேரம் விவாதம் நடந்தது. ஒரு அக்கா, "மூணு விரல் மிச்சம் வச்சாரே, ஸ்தோத்திரம்" என்றார். இத்தனை நாள் தான் மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் கேட்பதற்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்பது ஏசுவடியானுக்கு அன்றுதான் தெரிந்தது. போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டான்.

ஊரிலிருந்து அம்மா ஞானம்மா போன் பண்ணினாள். அவள் வசனம் எதுவும் சொல்லவில்லை. "எந்த விரலுய்யா?" என்று கேட்டாள். சொன்னான்.

கூடவே இருந்தவன் அறைத்தோழன் பேச்சிராஜ். கோவில்பட்டிக்காரன். கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். ஏசுவடியான் எத்தனையோ தடவை அவனுக்கு இரட்சிப்பைப் பற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறான். அவன் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறான். இப்போது அந்தப் பேச்சிராஜ்தான் அவனைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து ஊட்டினான்.

எட்டாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பியிருந்தவனைப் பார்க்க பாஸ்டர் வந்தார். கூட கம்பெனி எச்.ஆர். மோகனும் வந்தார். சபைக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கித் தந்தவர் என்பதால், பாஸ்டர் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோகன் ஒரு தாளை நீட்டினார். விபத்து முழுக்க முழுக்க என் கவனக்குறைவால் நடந்தது, இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து போட்டா கேஸு கீஸு எதுவும் இல்லாம உனக்கு உள்ளயே ஒரு லைட் வேலை குடுத்துரலாம்" என்றார் மோகன்.

"முறுமுறுக்கிறவன் வளரமாட்டான் தம்பி" என்றார் பாஸ்டர். "கர்த்தர் அனுமதிக்காம ஒண்ணும் நடக்காது. இதை ஏத்துக்கிட்டீங்கன்னா பெரிய சாட்சியா இருக்கும். வர்ற ஞாயிறு நீங்கதான் பேசறீங்க."

"கைதான் கட்டியிருக்கே, எப்படிக் கையெழுத்து போட?"

"கட்டைவிரல் நல்லா இருக்கு இல்ல?" மோகன் பையிலிருந்து மை டப்பியை எடுத்தார். எதையும் மறக்காத மனிதர்.

ஏசுவடியான் ஜெபம் பண்ண ஒரு நாள் வேண்டும் என்றான். அதை மறுக்க பாஸ்டருக்கு வழியில்லை.

அவர்கள் போனதும் பேச்சிராஜ் இரண்டு மணி ஷிஃப்டுக்குச் சட்டையை மாட்டினான்.

"ஒன் மிஷின்லதாம்ல என்னப் போட்டுருக்கானுவ."

"ஆப்பு இருக்கா?"

"புது ஆப்பு. பழசுல ரத்தம்லா கெடந்துச்சு."

பேச்சிராஜ் போய்விட்டான். ஏசுவடியான் முழங்காலில் நின்றான். வழக்கமான வார்த்தைகளை ஆரம்பித்தான். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபத்தில் கத்தினான்.

"நீருதான் செஞ்சீருன்னு சொல்லுதாவ. நீரா செஞ்சீரு? சொல்லும்!"

கத்தி முடித்ததும் அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. விரல் போன அன்று காலை அந்த ஆப்பை ஸ்பானரால் தட்டி இறுக்கியது யார்? அவன் கைதான். இறுக்கிவிட்டு ஸ்தோத்திரமும் சொன்னான். எல்லோரும் சேர்ந்து பண்ணிய ஒரு காரியத்தைக் கர்த்தர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஆவிக்குரிய வளர்ச்சி என்று பேர் வைக்கப்போகிறார்கள். அதற்குத் தன் கட்டைவிரலும் வேண்டுமாம். வெகுநேரம் அழுதான். அழுது முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. இதை எந்த சாட்சியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு தாளை எடுத்து இடது கையால் எழுதினான். பொத்தானில் ஆப்பு அடித்து ஓட்டுகிறோம். கம்பெனிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மூன்று வரிகளை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுநாள் அதைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தான். "இது என்ன, கொழந்த எழுதினதா?" என்று கேட்டுக்கொண்டே குமாஸ்தா முத்திரை குத்தினார்.

மூன்றாம் வாரம் ஆய்வாளர் வந்தார். ஆப்புகள் எல்லாம் பிடுங்கப்பட்டன. பீஸ் ஆயிரத்து நூறுக்கு இறங்கியது, இன்சென்டிவும் இறங்கியது. லைனில் எல்லோரும் ஏசுவடியானைத் திட்டினார்கள். பத்து விரலும் முழுசாக இருந்த பேச்சிராஜ்கூட, "ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கி தோள்பட்ட போச்சுல" என்றான். ஏசுவடியானின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. சாட்சி நேரத்தில் அவன் எழுந்து நின்றபோது பாஸ்டர், "இன்னும் ஜெயம் வரலையே தம்பி, வந்ததும் சொல்லுங்க" என்று அடுத்த பாட்டுக்குப் போனார். ஜெயம் வராத சாட்சிக்கு ஸ்பீக்கர் எதற்கு?

அவன் சபையை விட்டுப் போகவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ஜெபம் மட்டும் சுருங்கிவிட்டது. சில நாள் இரண்டு வார்த்தை. சில நாள் சண்டை.

மறுவருஷம் மறைமலை நகரில் ஒரு பட்டறையில், தேறிய பீஸையும் தேறாததையும் பிரித்துப் போடும் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை செய்த வேல்ராஜின் மனைவிக்கு எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. ஏசுவடியான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வராந்தாவில் வேல்ராஜ் தனியாக உட்கார்ந்திருந்தான். ஏசுவடியானுக்கு வாய்வரை ஒரு வசனம் வந்தது. பழக்கம் லேசில் போகுமா?

அதை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பிள்ளய பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்" என்றான் வேல்ராஜ். "பொம்பளப் புள்ள."

பிறகு பிள்ளையின் முடியைப் பற்றி, மூக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். வார்டு கதவு திறக்கும்வரை ஏசுவடியான் கேட்டுக்கொண்டே இருந்தான்.