லிஃப்ட்காரர் தனக்குப் போட்ட விலை

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையைவிட்டு அனுப்பிய அன்று மேலாளர் உரையாற்றினார்: "நாம எல்லாம் ஒரே குடும்பம்." குடும்பத்தில் ஆள் அதிகமாகிவிட்டதாம். பத்தொன்பது வருஷத்து உறுப்பினரைக் குறைத்தார்கள்.

ஆறே வாரத்தில் லிஃப்ட் நின்றது. முதலாளியின் அறை ஒன்பதாவது மாடி.

"வெளியாளா வந்து பாத்துக் குடுங்க. இனிமே எப்ப கெட்டாலும் நீங்கதான். மணிக்கு எவ்ளோன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க" என்றார் மேலாளர் போனில். மெக்கானிக்கின் விலையை மெக்கானிக்கிடமே கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு வியர்த்துவிட்டது.

பழைய சம்பளம் நாற்பதாயிரம். அதை முப்பது நாளாலும் எட்டு மணி நேரத்தாலும் வகுத்தார். நூற்று அறுபத்தாறு சொச்சம். துணிந்து நூற்று எழுபது என்று எழுதினார்.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் போவீங்களா?"

"எதுக்கு?"

"முப்பதால வகுத்திருக்கீங்களே!"

"மாசத்துக்கு முப்பது நாள்தானே?"

"அது சம்பளக்காரங்களுக்கு. உங்களைக் கூப்பிடாத நாள்ல யாருங்க காசு தருவா? காய்ச்சல்ல படுத்தா? ஸ்பேனரு, வண்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இனிமே யார் செலவு?"

தாளைப் பிடுங்கிக்கொண்டாள். மாதம் பன்னிரண்டு நாள்தான் வேலை வரும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆக அறுபது. செலவு பதினாலாயிரத்தைச் சம்பளத்தோடு கூட்டி அறுபதால் வகுத்தாள். தொள்ளாயிரம்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"தைச்ச சட்டையை மூணு தடவை போட்டுப் பாத்துட்டு 'இங்க லேசா பிடிச்சுத் தைங்க, இதுக்குமா காசு?'ன்னு நிக்கிறவங்ககிட்ட. பதினஞ்சு வருஷமா."

பதினைந்து வருஷமும் அதை அவர் 'வீட்ல சும்மா தைக்கிறா' என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். இப்போது, மூடியிருந்த மோட்டாரை முதல்முறை திறந்து பார்த்தவர்போல வாய்பிளந்து நின்றார்.

"நூத்தி எழுபதுன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா மூணாம் மாசம் வாடகைக்குக் காசு இருக்காது. தொள்ளாயிரம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கணும். இழுக்கக் கூடாது."

மறுநாள், ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மேலாளர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கண்ணே." பத்தொன்பது வருஷம் 'என்னப்பா'வாக இருந்தவர் உட்கார்ந்தார்.

"மணிக்குத் தொள்ளாயிரம்."

வாயை மூடிக்கொண்டார். சொன்னதைவிட மூடியதுதான் கஷ்டம். 'அனுசரிச்சுக்கலாம் சார்' என்பது நாக்கு நுனியில் முட்டிக்கொண்டு நின்றது.

"நம்ம குடும்பத்துக்கே இந்த ரேட்டாண்ணே?"

மெக்கானிக் கணக்குத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். மேலாளர் படித்தார். திரும்பவும் படித்தார். உள்ளறையில் முதலாளி செருமினார்.

"யார் போட்ட கணக்கு?"

"வீட்ல."

"அடேயப்பா" என்று கையெழுத்துப் போட்டார் மேலாளர்.

லிஃப்டை ஓடவிட்டு மெக்கானிக் திரும்பி வந்தபோது மேலாளர் தனியாக இருந்தார். எதிரில் அதேபோல இன்னொரு தாள். மேலாளருடைய சொந்தச் சம்பளம், கார், இன்ஷூரன்ஸ் எல்லாம் அழகாகக் கூட்டப்பட்டிருந்தன. 'என்னை யாராவது காசு கொடுத்துக் கூப்பிடும் மணி நேரம்' என்ற வரியில் பேனா நின்றிருந்தது.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இந்த இடத்துல நான் என்ன போடட்டும்?"

மெக்கானிக் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்."