சாகாத வரதராஜா

மெல்பர்ன் தொலைக்காட்சியில் வரதராஜாவைப் பார்க்காதவர் கிடையாது. பார்த்ததாக ஞாபகம் வைத்திருப்பவரும் கிடையாது. கதாநாயகி அழுதுகொண்டே ஏறிய டாக்சியை ஓட்டியவர் அவர்தான். ‘ரிப்போர்ட் நாளைக்கு வரும்’ என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு போன டொக்டரும், திருடனுக்குக் கல்லாவைத் திறந்துவிட்ட பெற்றோல் நிலையக்காரரும் அவர்தான். முப்பது வருடம் இப்படியே ஓடியது. முடிவில் ஓடும் எழுத்துகளில் அவருக்கு எதிரே ‘டிரைவர்’, ‘டொக்டர் 2’, ‘கடைக்காரர்’ என்றுதான் இருக்கும். அந்த மனிதர்களுக்கெல்லாம் ஒரு பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நடிப்பில் குறை என்று சொல்ல முடியாது. குறை வீட்டில் இருந்தது. அதன் பெயர் விமலாதேவி, அவருடைய மனைவி. ஆரம்ப காலத்தில் ஒரு துப்பறியும் தொடரில் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடக்கும் வேடம் வந்தபோது, அவள் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே தள்ளி வைத்தாள்.

“நான் தாலியோட இருக்கேக்க நீங்கள் பொய்க்கும் சாகக் கூடாது. வேற என்னவெண்டாலும் நடியுங்கோ.”

வரதராஜா அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்தார். அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. போகப் போகத்தான் விளங்கியது. அவர் கண்ட வரையில், இந்தத் தொடர்களில் வெள்ளைக்காரர் அல்லாத ஒருவனுக்கு நல்ல வேடம் என்றால் அவன் சாக வேண்டும். செத்தால்தான் அவனுக்குப் பெயர் இருக்கும், குடும்பம் இருக்கும், பொலிஸ் நிலையச் சுவரில் ஒரு படமும் இருக்கும்.

பொக்ஸ்ஹில்லில் இருந்த ஹென்றி லியோங் என்ற சீன நடிகர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஒடிஷன் அறைகளில் இருவரும் அடிக்கடி பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்பது ஓர் ஆசிய டொக்டரை. எந்த ஆசியா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஹென்றி கத்திக்குத்து வாங்கிச் செத்திருக்கிறார், கப்பலிலிருந்து விழுந்து செத்திருக்கிறார், உணவகச் சமையலறையில் மாரடைப்பில் செத்து ஒரு விருதுகூட வாங்கியிருக்கிறார்.

“சாக மாட்டேன் என்று அடம்பிடிப்பவனுக்கு இந்தத் தொழிலில் வாழ்வில்லை, ராஜா” என்பார். வரதராஜா சிரிப்பார். வீடு இருக்கும் வெரிபீக்குப் போகும் ரயிலில் அந்தச் சிரிப்பு வராது.

அறுபது தாண்டிய பிறகு அந்த வேடம் வந்தது. ஏஜென்ட் டெபி தொலைபேசியில் கூச்சலிட்டாள். ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய தொடர். அதில் அப்பா. அப்பாவுக்குப் பெயர் சிவஞானம். ஆறாவது வாரத்தில் சிவஞானம் இறந்துவிடுவார்; அந்த வாரம் முழுக்க அவருடைய செத்தவீடுதான்.

வரதராஜா வீட்டில் கதையைக் கொஞ்சம் திருத்திச் சொன்னார். “ஆறாம் கிழமை அந்தாள் ஊருக்குப் போயிடுறார்.”

“தனியவோ போறார்?” என்று கேட்டாள் விமலாதேவி.

“ஓம், தனியத்தான்.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. திரையில் ஒருமுறையாவது பெயருள்ள ஒரு மனிதனாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசை, இத்தனை வருடமாக அடக்கி அடக்கி வைத்ததில், சத்தியத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

செத்தவீட்டுக்கு அசல் தமிழ்ச் சனம் வேண்டும் என்றது தொடர் எடுக்கும் கம்பனி. கிரெய்கிபர்னில் பஜனைக் குழு நடத்தும் வைதேகிக்குச் செய்தி போனது. தொடரின் பெயரை வெளியே விடுவதில்லை என்பதால், ஒரு படப்பிடிப்புக்கு வெள்ளைச் சேலையோடு இன்ன மண்டபத்துக்கு வரவும், மத்தியானச் சாப்பாடு உண்டு என்று மட்டும் இருந்தது. வைதேகி அதைத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். விமலாதேவி முதலில் முடியாது என்றாளாம். பிறகு, “இந்த மனுசன் இவ்வளவு காலமா அங்க போய் என்னதான் செய்யிறார் எண்டு ஒருக்காப் பாப்பம்” என்று கிளம்பிவிட்டாளாம். புருசனிடம் மூச்சு விடவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொல்லி அவரைத் திகைக்க வைக்க நினைத்திருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு வைதேகி சொல்லித்தான் வரதராஜாவுக்குத் தெரியும்.

அன்று அவர் பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகப் பெட்டிக்குள் கண்களை மூடிக் கிடந்தார். மெத்தை வைத்த பெட்டி, சொகுசாகவே இருந்தது. மனைவியாக நடித்த மிருணாளினி, சிட்னியிலிருந்து வந்தவர், தாலியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைத்து அழுதார். அதன் பின் வாய்க்கரிசி. பெண்கள் பெட்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொருவராக அவர் வாயில் அரிசி போட்டார்கள். மணிகள் உதட்டில் பட்டுக் கழுத்துக்குள் உருண்டன. கூசியது. அவர் ஒரு நரம்பையும் அசைக்கவில்லை. சாவது இவ்வளவு சுலபமென்று தெரியாமல் காலத்தை வீணாக்கிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டார்.

திடீரென்று அரிசி நின்றது. வரிசை நகரவில்லை. முழங்கால் நோவுக்குப் பூசும் தைலத்தின் மணம் முகத்துக்கு மேலே வந்தது. அது யாருடைய மணம் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“இஞ்சருங்கோ.”

அவர் அசையவில்லை.

“இஞ்சருங்கோப்பா. எழும்புங்கோ. வீட்ட போவம்.”

யாரும் ‘கட்’ சொல்லவில்லை. கண்ணைத் திறக்க ஒரு கணம் போதும். ஆனால் அந்தக் காட்சி எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் கமராவுக்கு முன் நின்றவருக்கு அது தெரியாமல் போகாது. ஒரு கை அவர் கன்னத்தைத் தொட்டது.

“எழும்புங்கோவன்” என்றாள் மறுபடியும், மெல்ல.

சிவஞானம் செத்தே கிடந்தார்.

கடைசியில் ‘கட்’ என்ற குரல் கேட்டு அவர் எழுந்து உட்கார்ந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வேட்டியோடு வெளியே ஓடினார். விமலாதேவி வைதேகியின் காருக்குள் இருந்தாள். கை இன்னும் பொத்தியபடியே இருந்தது.

“நான் கூப்பிட்டது கேட்டதோ?”

“கேட்டது” என்றார்.

அவள் கண்ணாடியை இறக்கி, கையிலிருந்த அரிசியை வெளியே உதறினாள். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் சமையல் நடந்தது, மின்சாரக் கட்டணம் பற்றிப் பேச்சு நடந்தது. ‘இஞ்சருங்கோ’ என்று அவரைக் கூப்பிடுவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போவாள், கண்டால் குடிக்கலாம்.

மாதங்கள் கழித்துத் தொடர் ஒளிபரப்பாகி, ஆறாவது வாரமும் வந்தது. அவளை எங்கேயாவது கூட்டிப்போய் அதை மறைக்கத் தேவையிருக்கவில்லை. அவளாகவே வைதேகி வீட்டுக்குப் போய்விட்டாள். வரதராஜா ஞாயிறு பின்னேரம் தனியே உட்கார்ந்து பார்த்தார்.

செத்தவீட்டில் அவரை அதிகம் காட்டவில்லை. மூக்கு நுனியும் கொஞ்சம் திருநீறும் தெரிந்தன. திரை முழுக்க விமலாதேவியின் முகம். அன்று அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தும் அவர் பார்க்காதது. அவள் அழவில்லை. அவர் வரும் ரயில் பிந்தினால் ஸ்டேசன் வாசலில் நின்று கூட்டத்துக்குள் தேடுவாளே, அந்த முகம்தான். அதில் தேடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. தான் போன பிறகு அவள் எப்படி இருப்பாள் என்பதை வரதராஜா தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது.

முடிவில் எழுத்துகள் ஓடின. ‘சிவஞானம்’ என்ற பெயருக்கு நேரே அவர் பெயர் வந்து போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. டெபி. “அந்தப் பெண் யார்? எங்கே பிடித்தார்கள்? ஒரு விதவை வேடம் இருக்கிறது, அவருக்கென்றே எழுதியதுபோல. ஏஜென்ட் இருக்கிறாரா?”

“அவளுக்கு நடிக்கத் தெரியாது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வைதேகி கொடுத்துவிட்ட கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்க முடியாமல் விமலாதேவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இஞ்சருங்கோ” என்றாள்.

அவள் இரண்டாம் முறை கூப்பிடுமுன் அவர் எழுந்துவிட்டார்.