சிவப்புப் பொட்டு

அக்கா வீட்டுப் பழைய தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றி மூடியைத் திறந்ததும் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொரித்த எண்ணெயின் சிக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு சேறு. அதில் நூல் துணுக்கு, தலைமுடி, கால் பரப்பிச் செத்துப்போன ஒரு கரப்பான்பூச்சி.

"சீச்சீ! இது மோட்டாரா, சாக்கடையா? இதுக்கு கிரீஸ்தான் வைக்கணும், அதுவும் துளியூண்டு. எண்ணெய் ஊத்துன மூதேவி யாரு? மிச்சத்தை அந்த வாயிலயே ஊத்தணும்!"

அக்கா அசரவில்லை. "நான்தான்டா ஊத்துனேன், வாரா வாரம். மிஷின் எண்ணெய் தீந்துபோனா அடுப்படி எண்ணெய்."

"எவன் சொன்னான் உனக்கு?"

"நீதான். போன வருஷம் மிஷின் பூரா சிவப்பு பெயின்ட்ல பொட்டு வச்சுட்டு, பொட்டு இருக்கிற ஓட்டையில எல்லாம் எண்ணெய் விடுன்னு சொல்லிட்டுப் போனியே."

"அது மிஷினுக்கு! மோட்டார்ல போய் வைப்பேனா? எனக்கென்ன பைத்தியமா?"

செத்த எலியைத் தூக்குவதுபோல மோட்டாரை இரண்டு விரலால் தூக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் மேலிருந்த பிசுக்கைத் துடைத்தான். ஒரு ஓட்டை தெரிந்தது. அதன் பக்கத்தில் பளிச்சென்று ஒரு சிவப்புப் பொட்டு. மறுமுனையையும் அவசரமாகத் துடைத்தான். அங்கேயும் ஒன்று.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். எண்ணெய்ச் சட்டியோடு திரும்பி வந்து அவன் எதிரே நின்றாள்.

"வாயைத் திற."